வயதைக் கேட்கிறீர்களா, ஆதாரைக் கேட்கிறீர்களா?

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்து ஹோட்டல் பார், கிளப் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ் பார்க்கிறேன். ஆள் சேர்ப்பது, வருகைப் பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., சனிக்கிழமை சம்பளம் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். இருபது வருஷமாக அடையாள அட்டைகளோடு குடித்தனம் நடத்துகிறேன் என்றே சொல்லலாம். ரேஷன் கார்டு ஜெராக்ஸில் ஆரம்பித்து, ஒரியாவில் எழுதிய பள்ளிச் சான்றிதழ் வரைக்கும் பார்த்தாகிவிட்டது. அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன். குடிக்கிறவன் என்ற உரிமையும் கொஞ்சம் உண்டு. மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு பீர்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பெரிய ஆர்டர் ஒன்று முடிந்து, கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியிருந்தது. ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பெண் அடுத்த வாரம் ஜெர்மனிக்குப் போவதாக இருந்தார், எங்கள் சரக்கை வாங்குகிற பையரைப் பார்க்க. முதல் வெளிநாட்டுப் பயணம். சரி, எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் கோயம்புத்தூர் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம் என்று ஐந்து பேர் கிளம்பினோம். கம்பெனி வண்டி, டிரைவர் குடிக்காதவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் சாம்பிளிங் இன்சார்ஜ் அண்ணனும் ஐம்பதைத் தொட்டவர்கள். மற்ற மூன்று பேரும் முப்பதுக்குள். மெர்ச்சண்டைசருக்கு 24, அக்கவுண்ட்ஸ் தம்பிக்கு 27, கட்டிங் மாஸ்டருக்கு 29. மாஸ்டருக்குச் சொந்த ஊர் ஒடிசாவில் கஞ்சாம் மாவட்டம். எட்டு வருஷமாகத் திருப்பூரில் இருக்கிறார். அவர் பேசுகிற தமிழில் இப்போது 'ங்ணா' இல்லாமல் ஒரு வாக்கியம் முடிவதில்லை.

எந்த ஹோட்டல் என்று சொல்லப் போவதில்லை. அந்த ஒரு ஹோட்டலோடு முடிகிற விஷயமாக இருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. நண்பர்களிடம் விசாரித்தால் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.

வாசலில் என்னையும் சாம்பிளிங் அண்ணனையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. நரைக்குக் கிடைக்கிற மரியாதை. மற்ற மூவரையும் நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. பக்கத்தில் வாளையாறைத் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் அது 23. பார்க்கச் சின்ன வயதாகத் தெரிகிறவரிடம் சான்று கேட்பது உங்கள் கடமை. கேட்காமல் விட்டால்தான் நான் கோபப்படுவேன். எனக்கும் பிளஸ் டூ படிக்கிற பையன் இருக்கிறான்.

மெர்ச்சண்டைசர் கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். அன்று மதியம்தான் கூரியர் ஆபீசில் வாங்கியது, ஜெர்மனி விசா ஒட்டி வந்திருந்தது. வாசலில் நின்ற தம்பி அதை நாலு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேண்டாங்க மேடம். ஆதார் இருக்குங்களா?"

"இதுல டேட் ஆஃப் பர்த் இருக்குங்களே."

"இருக்குங்க. ஆனா ஆதார்தான் பார்க்கச் சொல்லியிருக்காங்க."

கட்டிங் மாஸ்டர் பர்ஸிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்தார். தினமும் பைக் ஓட்டுகிறவர் என்பதால் அவர் பர்ஸில் குடியிருப்பது அந்த அட்டைதான். அதுவும் வேண்டாம் என்றார்கள். ஒடிசா லைசென்ஸ் என்பதால் இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தது தனிக் கதை.

அக்கவுண்ட்ஸ் தம்பி கோபிச்செட்டிபாளையத்துக்காரர், எல்லாம் போனிலேயே வைத்திருப்பவர். டிஜிலாக்கரைத் திறந்து லைசென்ஸைக் காட்டினார். "ஒரிஜினல் வேணுங்க" என்றார்கள். அப்புறம் அவர் போன் கேலரியில் தேடி, எப்போதோ எடுத்து வைத்திருந்த ஆதார் போட்டோவைக் காட்டினார். பாதி வெளிச்சம் அடித்த போட்டோ. "சரிங்க, உள்ள போங்க" என்றார்கள்.

இதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அரசாங்கம் கொடுத்த புத்தகம் கையில் இருக்கிறது, ஆகாது. அரசாங்கம் கொடுத்த பிளாஸ்டிக் அட்டை, ஆகாது. அரசாங்கமே நடத்துகிற செயலியில் நேரே வந்து நிற்கிற லைசென்ஸ், அதுவும் ஆகாது. ஆனால் யார் வேண்டுமானாலும் போனிலேயே ஐந்து நிமிஷத்தில் தேதியை மாற்றிவிடக்கூடிய ஒரு போட்டோ ஆகும்! அதன் கியூ.ஆர். கட்டத்தையாவது ஸ்கேன் செய்து பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஆதார் அட்டையில் போலியைப் பிடிக்கிற இடமே அந்தக் கட்டம்தான். அதை ஸ்கேன் செய்யாமல் ஆதார் பார்ப்பது, பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று சொம்பைப் பார்த்துச் சொல்வது மாதிரி.

மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார், மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை இல்லை.

"எங்க பாலிசி ஆதார் ஒன்லி சார்."

"பாஸ்போர்ட்டுக்கு என்னங்க குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். நடைமுறை அப்படி."

"எங்க பையர் வருவாருங்க, ஜெர்மன்காரர். அவர் இங்க வந்தா என்ன கேப்பீங்க?"

"அவங்க ஃபாரினர்ஸ் சார். அவங்களுக்கு பாஸ்போர்ட் போதும்."

நான் அப்புறம் பேசவில்லை. ஜெர்மன்காரர் ஜெர்மன் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போகலாம். நம்ம ஊர் பெண்ணிடம் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது. அதை நம்பி ஜெர்மனி தன் நாட்டுக்குள்ளேயே விடுகிறது. அவினாசி ரோட்டு பார் விடாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று நம்மவர்கள் சொன்னது சும்மா இல்லை. அந்தப் பெண் உள்ளே போய் என்ன குடித்திருப்பார், லைம் சோடாவா வேறெதுவுமா என்பது உங்களுக்கும் எனக்கும் தேவையில்லாத சங்கதி.

வாசலில் ஒரு தாள் லேமினேட் செய்து ஒட்டியிருந்தது. வயதுச் சான்று கட்டாயம், 21-க்குக் கீழ் அனுமதி இல்லை என்று இருந்தது. எந்தச் சான்று என்று இல்லை. ஆதார் என்ற சொல்லே அதில் இல்லை. எழுதி ஒட்டிய விதி ஒன்று, தம்பியின் காதில் ஓதிய விதி ஒன்று.

"விடுங்ணா, போலாம்" என்று முதலில் சொன்னது கட்டிங் மாஸ்டர்தான். அவருக்கு இது பழக்கம். அது பழக்கமாகியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, இனி என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவருக்கு எத்தனை வயது என்று நிரூபிப்பது எங்களுக்கு விளையாட்டு அல்ல. பையர் அனுப்புகிற ஆடிட்டர் வந்து உட்கார்ந்தால் முதலில் எடுக்கச் சொல்வது வயதுச் சான்று ஃபைலைத்தான். 18 வயது ஆகாத ஒருவர் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தால் ஆர்டரே போய்விடும். அந்த ஃபைலில் ஆதார் ஜெராக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு நான் தப்பித்ததில்லை. பள்ளிச் சான்று எங்கே, மாற்றுச் சான்றிதழ் எங்கே, எதுவும் இல்லையென்றால் டாக்டர் கொடுத்த வயதுச் சான்று எங்கே என்று கேட்பார்கள். ஏன் தெரியுமா? ஆதாரில் இருக்கிற பிறந்த தேதி எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். சான்று காட்டிப் பதிந்தவர்களும் உண்டு, வாயால் சொன்னதைப் பதிந்தவர்களும் உண்டு, குத்துமதிப்பாக வயதைச் சொல்லிப் பதிந்தவர்களும் உண்டு. எங்கள் ரிஜிஸ்டரில் ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர்கள் மட்டும் ஒரு லைன் தையலுக்கு ஆகுமளவு இருக்கிறார்கள். பழைய ஆதார் அட்டைகள் சிலவற்றில் தேதியே இருக்காது, பிறந்த வருஷம் மட்டும்தான். அந்த வருஷத்தை வைத்து 21 நிரம்பியதா இல்லையா என்று எப்படிச் சொல்வீர்கள்?

இதை நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆதாரைக் கொடுக்கிற ஆணையமே, இது ஆளை அடையாளம் காட்டுகிற அட்டை, பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. அதை வைத்து 2024 ஜனவரியில் பி.எஃப். நிறுவனம் பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது. அந்தச் சுற்றறிக்கை வந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பத்துப் பதினைந்து பேருடைய பிறந்த தேதித் திருத்தத்துக்குப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைய வேண்டியிருந்தது. அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு சாலை விபத்து இழப்பீட்டு வழக்கில் இறந்தவரின் வயதைக் கணக்கிட ஆதாரை விட்டுவிட்டுப் பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியைத்தான் எடுத்துக்கொண்டது.

ஆக, வயதுக்குச் சான்று அல்ல என்று கொடுத்தவரே சொல்லிவிட்ட அட்டையை மட்டும் வயதுச் சான்றாக ஏற்கிறீர்கள். பிறந்த தேதி அச்சிட்டு வருகிற பாஸ்போர்ட்டையும் லைசென்ஸையும் திருப்பி அனுப்புகிறீர்கள். ஆதாரை ஏற்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் வாசலுக்கு அது போதும். ஆனால் அது மட்டும்தான் என்பதற்கு என்ன நியாயம்?

டிஜிலாக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் அரசுத் துறைகள் நேரடியாக வழங்குகிற ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று 2017 பிப்ரவரியிலேயே விதி போட்டாகிவிட்டது. நீலாம்பூர் பைபாஸில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினால் போனைத்தான் காட்டுகிறோம், பார்த்துவிட்டு விடுகிறார். போலீஸுக்குச் செல்லுபடியாகிறது உங்களுக்கு ஆகாது என்றால், யார் பெரியவர் என்ற கேள்வி வருமுங்க.

உங்கள் பக்கத்து சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. எஃப்.எல்.3 லைசென்ஸ் வாங்கி பார் நடத்துவது லேசான காரியமா? ஒரு காலேஜ் பையன் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது சோதனை வந்தால் லைசென்ஸுக்கே ஆபத்து. வாசலில் நிற்கிற தம்பி பெரும்பாலும் ஏஜென்சி ஆள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாறுகிறார். ஏழெட்டு வகை அட்டையைப் பார்த்துக் கணக்குப் போடச் சொல்வதைவிட, 'ஆதார் மட்டும் பாரு' என்று சொல்வது சுலபம். அதனால்தான் அப்படி ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். நானும் ஆள் வைத்து வேலை வாங்குகிறவன்தான். ஆனால் உங்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று போட்ட விதியில் யார் அடிபடுகிறார் என்று பார்க்க வேண்டாமா?

அடிபடுகிறவர்களில் முதல் ஆள் கட்டிங் மாஸ்டர் மாதிரி ஆட்கள். அவருக்கு முன்நெற்றி ஏறியிருக்கிறது, காதோரம் நரை தட்டியிருக்கிறது. அவரை 21-க்குக் கீழ் என்று யாரும் சந்தேகப்பட வாய்ப்பே இல்லை. எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற அதே வயதுக்காரர் இரண்டு பேரை யாரும் நிறுத்தவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாஸ்டர் போனில் ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டே வந்தது தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். ஆனால் திருப்பூரில் பாதி லைன் ஓடுவது வடக்கிலிருந்து வந்தவர்கள் கையில். அவர்கள் சனிக்கிழமை சம்பளத்தை நீங்களும் எதிர்பார்க்கிறீர்கள்.

அப்புறம் பவானிசாகர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிற ஈழத்து ஆட்கள். அரசாங்கம் கொடுத்த முகாம் அட்டைதான் அவர்களில் சிலருக்கு எல்லா இடத்துக்கும் கையில் இருப்பது. ஒவ்வொரு வாசலிலும் அதைப் பற்றி விளக்கம் சொல்லிச் சொல்லியே அவர்களுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. உங்கள் வாசலிலாவது விட்டுவிடலாம்.

இன்னொன்று, இது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. சில இடங்களில் ஆதாரைப் பார்ப்பதோடு விடுவதில்லை, போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். யாருடைய போனில்? ஏஜென்சி தம்பியுடைய சொந்தப் போனில். அவர் மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போவார், போட்டோக்களும் கூடவே போகும். ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க தனியாருக்கு இடம் கொடுத்த சட்டப் பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அப்புறம் 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். விருப்பப்பட்டவர் ஆஃப்லைனில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம், ஆனால் சரிபார்க்கிறவர் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ சேமிக்கவோ கூடாது என்று அதில் இருக்கிறது. வயதுதானே வேண்டும்? கண்ணால் பார்த்தால் போதாதா? கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் என்று ஒன்றை ஆணையமே கொடுக்கிறது. அதைக் காட்டினால் 'நம்பர் முழுசா இல்லீங்களே' என்று திருப்பி அனுப்புகிற இடங்களும் உண்டு என்று கேள்வி. நம்பரை வைத்து என்னங்க செய்யப் போகிறீர்கள்?

குடிப்பதற்குத் தாள் கேட்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததே சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. திருச்செங்கோடும் நாமக்கல்லும் அன்று சேலம் மாவட்டத்துக்குள் இருந்தவை. என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, திருச்செங்கோட்டுப் பக்கம். மதுவிலக்குக் காலத்தில் குடிக்க 'பர்மிட்' வைத்திருந்த ஒரு மிராசுதாரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். உடம்புக்கு முடியாது என்று டாக்டர் சீட்டு வாங்கி, பர்மிட் எடுத்து, அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பாராம். தோட்டத்தில் மாடு மேய்ப்பவருக்கு ஏது டாக்டர் சீட்டு? அவர் ராத்திரியில் ஓடைப் பக்கம் போவார், மாட்டிக்கொள்வார். 1971-இல் கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தியபோது பர்மிட்டுக்கும் வேலை போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது நீங்கள் ஆதாரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தெந்த அட்டை செல்லும் என்று வாசலில் எழுதி வையுங்கள். பாஸ்போர்ட், லைசென்ஸ், பான் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், டிஜிலாக்கர். பிறந்த தேதியும் போட்டோவும் இருக்கிற எந்த அரசு அட்டையும். வாக்காளர் அட்டையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய அட்டைகளில் பிறந்த தேதி இருக்காது, இன்ன வருஷம் ஜனவரி 1-இல் இத்தனை வயது என்று இருக்கும். அதைப் பார்த்துத் தம்பி திணறுவார். ஆனால் அது பழைய அட்டை என்றாலே ஆள் 21-ஐத் தாண்டியவர்தான். அன்றைக்கே 18 ஆனதால்தானே அட்டை கொடுத்தார்கள்!

தம்பிக்குக் கணக்கு வராது என்று பயமிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. தினமும் சாயங்காலம் கடை திறக்கும்போது ஒரு சிலேட்டில், 'இந்தத் தேதியிலோ அதற்கு முன்போ பிறந்தவருக்கு அனுமதி' என்று 21 வருஷத்துக்கு முந்தைய அதே தேதியை எழுதி வைத்துவிட வேண்டியது. அட்டையில் இருக்கிற தேதியையும் சிலேட்டையும் பார்த்தால் போதும், கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். எங்கள் கம்பெனி கேட்டில் ஆள் எடுக்கிற நாளில் செக்யூரிட்டி அண்ணனுக்கு 18 வருஷக் கணக்கில் இதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். அவர் படித்தது எட்டாவது. இதுவரை ஒரு தடவைகூடத் தப்பாகவில்லை.

சந்தேகம் வந்தால் இரண்டாவது அட்டை கேளுங்கள், தப்பே இல்லை. லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் வண்டி ஓட்டக் கூடாது, சரி. ஆனால் பிறந்த தேதி காலாவதியாகாது என்பதையும் தம்பிக்குச் சொல்லி வையுங்கள். வெறும் போட்டோவைக் காட்டினால், அது ஆதாராகவே இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைச் செய்திருந்தால் எங்கள் அக்கவுண்ட்ஸ் தம்பி அன்றைக்கு அந்தப் போட்டோவைக் காட்டி உள்ளே போயிருக்க முடியாது. டிஜிலாக்கரைக் காட்டித்தான் போயிருப்பார், முறைப்படி.

உங்களில் யாருக்காவது மேலிடத்திலிருந்து 'ஆதார் மட்டும்' என்று எழுத்தில் உத்தரவு வந்திருந்தால், அதை வாசலில் ஒட்டுங்கள். அடுத்த மடலை அவர்களுக்கு எழுதிக்கொள்கிறேன்.

அன்றைக்கு நாங்கள் ஐந்து பேரும் திரும்பி வரும் வழியில், கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் பரோட்டாவும் பள்ளிபாளையம் சிக்கனும் சாப்பிட்டோம். பில்லைக் கட்டிங் மாஸ்டர் கொடுத்தார், யாரையும் கொடுக்க விடவில்லை. தீபாவளி போனஸ் போட்ட சனிக்கிழமை மறுபடியும் வருவதாக இருக்கிறோம். மெர்ச்சண்டைசர் அதற்குள் ஜெர்மனியிலிருந்து திரும்பிவிடுவார். அதே பாஸ்போர்ட்டைத்தான் கொண்டுவருவாராம்; ஆதாரை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வரப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு டைம் ஆபீஸ்காரன்